கட்டினால் மட்டும் போதாது: மலசலகூடமும் மனித மாண்பும்

வீடு, காணி, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு என்பன பற்றி எமது கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். மலசலகூடம் என்ற சொல் வந்தவுடன் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பெண்கள் தலைகுனிந்து மௌனமாகிவிடுகிறார்கள். ஆனால் கூட்டம் முடிந்ததும் அதே பெண்கள்தான் தனியே வந்து, "அதைப் பற்றி ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்கிறார்கள். ஆகவே பேசத் தயங்கும் இந்த விடயத்தை இம்முறை வெளிப்படையாகப் பேசுவோம்.

மண்சரிவிலும் வெள்ளத்திலும் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, பாடசாலை மண்டபத்திலோ, தகரக் கொட்டிலிலோ, புதிதாகக் கிடைத்த ஏழு பேர்ச் காணியிலோ வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தன. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது; அதே பெருமழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயன் அறைகள் மூடுண்டன. 2017 மே இறுதியில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் தவித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையே உலுக்கியது.

ஒவ்வொரு முறையும் அரிசி வருகிறது, பாய் வருகிறது, உடை வருகிறது. அவசரமாக நான்கு தகரத்தை அடித்து ஒரு மலசலகூடமும் எழும்புகிறது. படம் எடுக்கப்படுகிறது. சில மாதங்களில் அது நிரம்பிவிடுகிறது. அதன் பின் அதை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பலகையை எந்த மலசலகூடத்தின் சுவரிலும் நாம் கண்டதில்லை. திறந்து வைத்தவரின் பெயர்ப் பலகை மட்டும் உண்டு.

எமது கருத்து இதுதான். எத்தனை மலசலகூடங்கள் கட்டப்பட்டன என்று எண்ணுவதோடு நில்லாமல், அவற்றில் எத்தனை இன்றும் பாவனையில் உள்ளன என்று எண்ண வேண்டும். அவற்றைத் துப்புரவாக வைத்திருக்கும் வேலை பெண்களின் தலையிலோ ஒரு சாதியின் தலையிலோ விழாமல் எல்லோருடைய வேலையாக வேண்டும்.

பழைய கதை

கோப்பிக் காலத்தில் எமது முன்னோரைக் கொண்டுவந்து லயன்களில் அடைத்தவர்கள் மலசலகூடத்தைப் பற்றி நினைக்கவில்லை. தேயிலைச் செடிக்கு அடியும் றப்பர் மரத்துக்குப் பின்புறமுமே மலசலகூடமாயின. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தவர்களின் பாதத்தைத் துளைத்துக் கொக்கிப்புழு உடலுக்குள் சென்றது. இரத்தம் வற்றியது. சோகை பிடித்தவர்களைச் சோம்பேறிகள் என்று துரைமார் ஏசினார்கள்.

1912ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிச் சட்டம் வந்தது. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் இல்லாத இடங்களிலும், இருந்தும் பாவிக்க முடியாதபடி கிடந்த இடங்களிலும் அதே மனிதருக்கு அதே புழு மீண்டும் தொற்றியது. நூறு வருடங்களுக்கு முன் கிடைத்த இந்தப் பாடத்தை நாம் இன்னும் முழுமையாகப் படிக்கவில்லை. மருந்து ஒரு தடவை கொடுத்தால் போதாது. கட்டடமும் ஒரு தடவை கட்டினால் போதாது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிர்வாகம் மாறும்போதெல்லாம் மலசலகூடம் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தள்ளப்பட்டது. பிரதேச சபையிடம் போனால் தோட்டத்துக்குள் தங்களால் செலவு செய்ய முடியாது என்றார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்குத் தடையாக இருந்தது உண்மை. அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இன்றும் யாராவது அந்தப் பழைய பதிலைச் சொன்னால், "ஐயா, சட்டம் மாறிவிட்டது" என்று நாம் மரியாதையோடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

படகிலிருந்து ஒரு பாடம்

மலையில் வாழும் எமக்குக் கடலிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. நீண்ட தூரம் செல்லும் சிறிய பாய்ப்படகுகளில் ஒரு மலசலகூடம் இருக்கும். கைப்பம்பினால் கடல்நீரை உள்ளே இழுத்து, அதே பம்பினால் கழிவை வெளியே தள்ள வேண்டும். அதற்குள் சிறிய றப்பர் வால்வுகளும் வாஷர்களும் இருக்கின்றன. கடல்நீரின் உப்பும் சிறுநீரும் சேர்ந்து குழாய்க்குள் கல் போலப் படியும். படகுக்காரர்கள் வினாகிரி ஊற்றி அதைக் கரைக்கிறார்கள். றப்பர்ப் பாகங்கள் தேயுமுன் மாற்றுகிறார்கள். பாவித்து முடிந்ததும் கடல்நீர் வரும் அடைப்பானைப் பூட்டுகிறார்கள். பூட்ட மறந்தால் நீர் உள்ளே ஏறிப் படகே தாழ்ந்து போகலாம்.

படகின் சொந்தக்காரர் பெரும் பணக்காரராக இருக்கலாம். ஆனால் நடுக்கடலில் குழாய் அடைத்துக்கொண்டால் கூப்பிட ஆள் இல்லை. தன் கையாலேயே கழற்றித் துப்புரவு செய்கிறார். அங்கே அது இழிவான வேலை என்று யாரும் சொல்வதில்லை. படகைக் காக்கும் வேலை என்றே சொல்கிறார்கள்.

கடலுக்குச் சட்டமும் உண்டு. கப்பல்களின் மலக்கழிவு பற்றிய சர்வதேச விதிகள் 2003 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தன. அவை கட்டுப்படுத்தும் கப்பல்கள் சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீற்றருக்குள், கொட்டக்கூடாது. பரந்த கடலுக்கே இந்த மரியாதை என்றால், எமது ஓடைகளுக்கு என்ன மரியாதை? இரத்தினபுரித் தோட்டங்களின் ஓடைகள் களுகங்கையில் சேர்ந்து களுத்துறை வரை போகின்றன. எட்டியாந்தோட்டைப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பு மக்கள் குடிக்கும் நீராகின்றன. நாம் மேலே இருக்கிறோம். குடிப்பவர் கீழே இருக்கிறார். எமக்கும் மேலே ஒரு லயன் இருந்தால், குடிப்பவர் நாமே.

குழியின் கணக்கு

"கட்டிக் கொடுத்தார்கள், ஒரு வருடத்திலேயே நிரம்பிவிட்டது, வேலை சரியில்லை" என்ற முறைப்பாட்டை எங்கும் கேட்கிறோம். சில இடங்களில் வேலை சரியில்லைதான். ஆனால் பல இடங்களில் கணக்கே சரியில்லை.

தண்ணீர் ஊற்றிப் பாவிக்கும் குழியில் ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 40 லீற்றர் கசடு சேரும் என்பது பொதுவான கணக்கு. மூன்று அடி விட்டமும் ஐந்து அடி பாவனை ஆழமும் உள்ள குழி ஏறக்குறைய 1,000 லீற்றர் கொள்ளும். ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பம் பாவித்தால் வருடத்துக்கு 200 லீற்றர். குழி ஐந்து வருடம் தாங்கும். அதே குழியை ஐந்து குடும்பங்கள், இருபத்தைந்து பேர், பாவித்தால் ஒரே வருடத்தில் நிரம்பும். முகாமில் ஐம்பது பேர் பாவித்தால் ஆறு மாதம். இதில் அதிசயம் எதுவும் இல்லை. குழி கட்டும் நாளிலேயே அது நிரம்பும் நாளும் தெரிந்துவிடுகிறது. அந்த நாளைச் சுவரில் எழுதி வைக்கலாமே!

எமது பிரதேசத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எழும்பிக் குழிக்குள் வருகிறது. கசடு மேலே மிதக்கிறது. குழி நிரம்பியது போலத் தோன்றும். இந்த நேரத்தில் பவுசரைக் கூப்பிட்டு முழுவதையும் உறிஞ்சி எடுப்பது ஆபத்து. ஈர மண்ணின் பாரத்தால் வளையங்கள் இடிந்து விழலாம். வெறுமையான தாங்கி மேலெழும்பலாம். மழை விட்டு நிலம் வடிந்த பின்னரே எடுக்க வேண்டும்.

இரண்டு குழி முறை எமக்கு மிகவும் பொருத்தமானது என்பது எமது எண்ணம். இந்தியாவில் பிந்தேஸ்வர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம் இதைப் பரவச் செய்தது. ஒரு குழி நிரம்பியதும் அதை மூடிவிட்டு, சந்தியில் உள்ள வழியை மாற்றி அடுத்த குழியைப் பாவிக்க வேண்டும். மூடிய குழியைக் குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் தொடக்கூடாது. அதன் பின் உள்ளே இருப்பது மலம் அன்று, நாற்றமில்லாத மண். அதை வாழைக்கும் தென்னைக்கும் பாக்குக்கும் அடியில் இடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கும் மரக்கறிக்கும் வேண்டாம். மாட்டெருவின் அருமை தெரிந்த விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் மழைநீர் புகுந்து ஊறிக்கிடந்த குழிக்கு இந்தக் கணக்குச் செல்லாது. அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே திறக்க வேண்டும்.

ஏழு பேர்ச்சில் கிணறும் குழியும்

குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 44 அடிக்கும் குறைவு. ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வைத்தால்தான் 50 அடி தேறும். அப்படி வைத்தாலும் எமது குழி அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்!

ஆகவே தனி வீட்டுத் திட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடத்தில் குழி வெட்டுவது சரிவராது. முதலில் எல்லாக் காணிகளையும் ஒரே தாளில் வரைந்து, நீர் எங்கிருந்து வருகிறது, சரிவு எப்பக்கம் என்று பார்க்க வேண்டும். பீலித் தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு மேலே எந்தக் குழியும் இருக்கக்கூடாது. முடிந்தால் கிணறுகளை விட்டுக் குழாய்நீரைக் கேட்க வேண்டும். வெடிப்பு விழுந்த சரிவில் குழி வெட்டவே கூடாது. குழியிலிருந்து கசியும் நீரும் மண்ணை இளக்கும். மண்சரிவில் தப்பி வந்த நாம் இன்னொரு சரிவுக்கு நாமே நீர் வார்க்கலாமா? வீடு கட்ட இடம் பார்க்க வரும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகளிடம் குழிக்கும் இடம் காட்டும்படி கேளுங்கள்.

அன்றாடம் செய்ய வேண்டியவை

பராமரிப்பு என்றால் பெரிய தொழில்நுட்பம் என்று பயப்பட வேண்டாம். பீங்கானின் கீழே வளைந்த பகுதியில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கிறது. நாற்றத்தையும் ஈயையும் தடுப்பது அந்த நீர்தான். ஒவ்வொருவரும் பாவித்தபின் இரண்டு மூன்று லீற்றர் நீரை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வளைவில் மலம் தங்கும். உள்ளே வாளியும் கோப்பையும் இல்லாத மலசலகூடம் பாதி மலசலகூடமே.

துணி, பொலித்தீன், கல், பிள்ளைகளின் நப்கின், பெண்களின் மாதவிடாய்த் துணி எதையும் உள்ளே போடக்கூடாது. ஆனால் "போடாதே" என்று மட்டும் சொன்னால் பெண்கள் எங்கே போடுவார்கள்? மூடியுள்ள ஒரு வாளியும் அதை எரிக்கவோ புதைக்கவோ ஓர் இடமும் வைப்பது பராமரிப்பின் பகுதியே. இதைத் திட்டமிடும் கூட்டத்தில் பெண்கள் இல்லாவிட்டால் இந்த வாளி ஒருபோதும் வராது.

ஈர்க்கு விளக்குமாறும் சவர்க்காரத் தூளும் தினசரித் துப்புரவுக்குப் போதும். அசிட் ஊற்றினால் சீமெந்து அரிக்கும். பினாயிலும் குளோரினும் அளவுக்கு மிஞ்சிப் போனால் குழிக்குள் கழிவை உக்கச் செய்யும் கிருமிகளும் சாகும். மழைநீர் குழிக்குள் போகாதபடி சுற்றிலும் கான் வெட்ட வேண்டும். மூடியில் வெடிப்பு இருந்தால் சீமெந்து பூசி அடைக்க வேண்டும். நுளம்பு அங்கேதான் பெருகுகிறது.

ஒன்றை மிகவும் அழுத்திச் சொல்கிறோம். நிரம்பிய குழிக்குள் எவரும் இறங்கக்கூடாது. உள்ளே தேங்கும் நச்சு வாயு ஒரு மூச்சில் ஆளை விழுத்தும். அவரைத் தூக்க இறங்குபவரையும் விழுத்தும். எவ்வளவு பணம் தந்தாலும், எவ்வளவு மதுபானம் வாங்கித் தந்தாலும் இறங்க வேண்டாம். எவரையும் இறக்கவும் வேண்டாம்.

யார் துப்புரவு செய்வது?

இங்கேதான் உண்மையான பிரச்சினை இருக்கிறது. தோட்டத்தில் ‘வாசக்கூட்டி’ என்றொரு வேலை இருந்தது. லயத்து வாசலைக் கூட்டுவதும் கானைக் கழுவுவதும் மலசலகூடத்தைத் துப்புரவு செய்வதும் அவர் வேலை. பெரட்டில் எல்லோரும் ஒரே நிரையில் நின்றாலும், அந்த வேலை மட்டும் பரம்பரையாக ஒரு சாதியைச் சேர்ந்த குடும்பங்களுக்கே போனது. அவர்களுக்குத் தேநீர் வேறு கோப்பையில் கொடுக்கப்பட்டது.

மலை சரிந்தபோது எல்லா வீடும் ஒன்றாகவே புதைந்தது. மண் சாதி பார்க்கவில்லை. ஆனால் முகாமில் மலசலகூடம் அடைத்துக்கொண்டால், எல்லோருடைய கண்ணும் அந்த ஒரு குடும்பத்தின் பக்கமே திரும்புகிறது. அவர்களும் எம்மைப் போலவே எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளையும் எமது பிள்ளையோடு அதே பாடசாலையில் படிக்கிறது. "உன் அப்பாவைக் கூப்பிடு, கக்கூசு அடைத்துவிட்டது" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லும்போது நாம் ஒரு குழாயைத் திறக்கவில்லை. ஒரு பிள்ளையின் மனதை மூடுகிறோம்.

1901இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் மலசலகூடம் நாறிக் கிடந்தது. அது துப்புரவாளரின் வேலை என்று தொண்டர்கள் விலகினார்கள். இளம் வழக்கறிஞராக வந்திருந்த காந்தி விளக்குமாற்றைக் கேட்டு வாங்கித் தாமே துப்புரவு செய்தார். கையால் மலம் அள்ளுவதை இந்தியா 2013இலும் மீண்டும் ஒரு சட்டம் இயற்றித் தடைசெய்ய வேண்டியிருந்தது. சட்டத்தை விடச் சாதி எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இது சான்று.

திருவிவிலியத்தில் இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சொந்த ஊர் இல்லாமல் பாளையத்தில் வாழ்ந்த மக்களுக்கு அங்கே ஓர் அறிவுறுத்தல் இருக்கிறது. பாளையத்துக்கு வெளியே இதற்கென ஓர் இடம் வேண்டும். தோண்டி மூட ஒரு கருவி வேண்டும் என்கிறது. அக்கருவி ஒரு தனிச் சாதியிடம் கொடுக்கப்படவில்லை. பாவிப்பவனே தோண்டி, பாவிப்பவனே மூட வேண்டும்.

"இது எங்கள் வேலையா?"

இரண்டு மறுப்புகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். முதலாவது: "இது நிர்வாகத்தின் கடமை, நாங்கள் ஏன் செய்ய வேண்டும்?" இதில் நியாயம் இருக்கிறது. 2010 யூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமை என ஏற்றுக்கொண்டது. கட்டித் தருவதும், நிரம்பியதை எடுப்பதும், உடைந்ததைப் பெரிதாகத் திருத்துவதும் நிர்வாகத்தினதும் பிரதேச சபையினதும் கடமை. அதை ஒருபோதும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வாளியில் நீர் வைப்பதும் முறை வைத்துக் கழுவுவதும் எமது கையில் உள்ளவை. அதையும் நாம் செய்யாவிட்டால், "இவர்களுக்குக் கட்டிக் கொடுத்துப் பயனில்லை" என்ற பழைய துரைமாரின் பேச்சுக்கு நாமே சாட்சியாகிவிடுவோம்.

இரண்டாவது: "நாங்கள் இங்கே தற்காலிகமாகத்தான் இருக்கிறோம்." லயன்களும் தற்காலிகமாகவே கட்டப்பட்டன. நூறு வருடம் கடந்தும் அவற்றில் மக்கள் பிறந்து இறக்கிறார்கள். 1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவவிலிருந்து வன்னிக்கு ஓடியவர்களும் சில நாட்களுக்கே என்று நினைத்துத்தான் கொட்டில் போட்டார்கள். தற்காலிகம் என்ற சொல்லை நம்பி எம் பிள்ளைகளின் வயிற்றை நோய்க்குக் கொடுக்க முடியாது. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் எமது காணி உறுதி வரும் வரை காத்திருப்பதில்லை.

மரண உதவிச் சங்கம் போல

தோட்டத்து மக்களுக்கு ஒற்றுமையாகப் பணம் சேர்க்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. எத்தனையோ தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் பணம் தயாராக இருக்கிறது. கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறது. சாவுக்கு இவ்வளவு ஒழுங்காகச் செய்யும் நாம் வாழ்வதற்கு ஏன் செய்யக்கூடாது?

அதே சங்கத்திலேயே ஒரு தனிக் கணக்குத் திறக்கலாம். குடும்பத்துக்கு ஒரு சிறு தொகை. விளக்குமாறு, வாளி, சீமெந்து, குழாய்த் துண்டு ஆகியவற்றை அதிலிருந்து வாங்கலாம். கலி பவுசருக்கான கட்டணத்தைக் குழி நிரம்பும் நாளுக்கு முன்பே சேர்த்துவிடலாம். துப்புரவு முறையைச் சுவரில் எழுதுங்கள். குடும்பத்தின் பெயரை எழுதாமல் ஆளின் பெயரை எழுதுங்கள். குடும்பம் என்று எழுதினால் அம்மாவோ மகளோதான் வாளியோடு வருவார்கள். தலைவர், செயலாளர், ஆசிரியர், உபதேசியார், பூசகர் எல்லோருடைய பெயரும் அந்த வரிசையில் வர வேண்டும். முதல் வாரம் தலைவரின் பெயர் வரட்டும். மாதச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைக்கத் தீர்மானித்தால், கையுறை, சப்பாத்து, நியாயமான கூலி ஆகியவற்றோடு வையுங்கள். விரும்பும் எவருக்கும் அந்த வேலை திறந்திருக்க வேண்டும்.

உதவி செய்யும் நிறுவனங்களிடமும், அவை அரசினுடையதாயினும் திருச்சபையினுடையதாயினும், ஒரு கோரிக்கையை முன்வைக்கிறோம். கட்டும் செலவோடு ஐந்து வருடப் பராமரிப்புச் செலவையும் திட்டத்தில் சேருங்கள். திறப்பு விழாவுக்கு வருபவர்கள் ஒரு வருடம் கழித்து, மழைக்காலத்தில், அறிவிக்காமல் ஒரு முறை வந்து பாருங்கள். அன்று அந்தக் கதவைத் திறக்கும்போது கிடைப்பதுதான் திட்டத்தின் உண்மையான அறிக்கை.

அடுத்த கூட்டத்தில் இந்த விடயத்தை நிகழ்ச்சி நிரலின் கடைசியில் போடாமல் முதலாவதாகப் போடுங்கள். குழி எப்போது வெட்டப்பட்டது, எத்தனை பேர் பாவிக்கிறார்கள், எப்போது நிரம்பும், இந்த வாரம் யாருடைய முறை என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிய பின்னரே மற்றவற்றுக்குப் போங்கள்.